'பரேட்' என்னும் சொல்

ஊர்வலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று வகுப்பிலே வினவினால், மாணவர் பலர் சற்றும் தயங்காது 'பரேட்' என்பர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. ஊர்வலம் என்ற தமிழ்ச் சொல்லின் உயிர் 'வலம்' என்பதிலே இருக்கின்றது. வீதி வழியே செல்லாதது ஊர்வலமாகாது. பரேட்டோ ஓரடியேனும் நகராமல் நடைபெறக்கூடியது.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் காரணம் விளங்கும். இலத்தீன் மொழியில் 'பராரே' என்னும் வினைக்கு ஆயத்தம் செய்தல் என்பது பொருள். அவ்வேரிற் கிளைத்த 'பராடா' என்னும் ஸ்பானியச் சொல் நிறுத்தத்தைக் குறிக்கும். இன்றும் ஸ்பெயின் நாட்டில் பஸ் தரிப்பிடத்துக்கு அதுவே பெயர். பிரெஞ்சு மொழியிற் புகுந்தபோது காட்சி, பகட்டு என்னும் பொருள்களும் சேர்ந்தன. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அது ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே, ஒழுங்குபட நிறுத்திப் பிறர் காணச் செய்தலே பரேட்டின் அடிப்படைக் கருத்து எனலாம். முன்னே செல்லுதல் என்ற பொருளுடைய 'புரொசெஷன்' என்னும் சொல்லே ஊர்வலத்துக்கு மிக நெருங்கியது.

இக்கருத்தை மனத்திற் கொண்டால், வேறுபட்டவைபோலத் தோன்றும் வழக்குகள் யாவும் ஒன்றுபடும். படைவீரரை அணிவகுத்து நிறுத்திப் பார்வையிடுதல் பரேட். அவர்கள் நிற்கும் மைதானமும் பரேட். இலண்டனிலுள்ள 'ஹோர்ஸ் கார்ட்ஸ் பரேட்' அத்தகையது. பிறைற்றன் நகரின் 'மரீன் பரேட்' கடலோர வீதியாகும். வரிசையாய் அமைந்த கடைத்தொகுதியையும் ஆங்கிலேயர் இப்பெயரால் வழங்குவர். 1935இல் அமெரிக்க வானொலியில் ஆரம்பமான ஒரு நிகழ்ச்சி, மக்கள் விரும்பிய பாடல்களைத் தரவரிசைப்படி ஒலிபரப்பி, 'ஹிட் பரேட்' என்னும் தொடரைப் பிரசித்தமாக்கிற்று. கற்றதைச் சமயமறியாது வெளிக்காட்டுவோனையும் தன் கல்வியைப் 'பரேட்' செய்கிறான் என இகழ்வதுண்டு.

இச்சொல்லின் பொருளைச் செவ்வனே அறிய வேண்டிய இடமொன்று நீதிமன்றமாகும். குற்றமொன்றைக் கண்ட சாட்சி, குற்றவாளியை இனங்காட்டும் பொருட்டு நடத்தப்படுவது அடையாள அணிவகுப்பு. இலங்கையில் நீதவான் அதனை நடத்தவோ, நடத்துமாறு பணிக்கவோ 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடமளிக்கின்றது. அங்கே வரிசையில் நிற்போர் நடப்பதில்லை, நடப்பவர் சாட்சியே. சந்தேக நபரோடு வயதிலும் உயரத்திலும் தோற்றத்திலும் ஒத்தவர்களையே உடன் நிறுத்தல் வேண்டும். முதியோர் பலரிடையே இளைஞன் ஒருவனை நிறுத்தினால், சாட்சியின் கை அவனையன்றி வேறெவரைச் சுட்டும்? நிறுத்தும் முறை பிழைத்தால், நிரபராதி ஒருவன் சிறைசெல்லவும் கூடும். ஆயத்தம் என்ற பழம்பொருள் இவ்விடத்தில் ஒரு மனிதனின் விடுதலையையே காக்கின்றது.

எனவே, இச்சொல்லைத் தமிழாக்குவோர் முதலிலே ஒரு வினாவை எழுப்புதல் நன்று: இது செல்கின்றதா, நிற்கின்றதா? வீதிவழியே செல்லுமாயின் ஊர்வலம், பவனி என்பன பொருந்தும். வரிசையாய் நிற்குமாயின் அணிவகுப்பு என்பதே தகும். தன்னைக் காட்டுதல் மட்டுமே நோக்கமாயின் பகட்டு என்னும் சொல் போதும். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழ் வெவ்வேறு சொற்களாற் பிரித்துக் காட்டுகின்றது. அவ்வேறுபாட்டைப் பேணுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.