நைரோபியில் ஒரு சனி, ஞாயிறு



திருச்செங்கோட்டில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு தொடர்புள்ள ஒரு வீடு இருக்கும். இங்கே கட்டிய ரிக் வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்கா போகின்றன. நம் பக்கத்து டிரில்லர்களும் மெக்கானிக்குகளும் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்த பிள்ளைகளிடம் “சிங்கம் பாத்தியா கண்ணு?” என்று கேட்டால், “அதுக்கெல்லாம் நேரம் எங்கீங்க மாமா?” என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் சேமிப்பைச் செலவழித்து மக்கள் வந்து பார்க்கிற காட்டை, பக்கத்திலேயே இருந்தும் பார்க்காமல் இவர்கள் ஊர் திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கென்யாவில் இருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்க்க இங்கிருந்து போகும் பெற்றோருக்கும் ஒரு சனி, ஞாயிறே போதும். அதை எப்படித் திட்டமிடுவது என்று இன்று பேசலாம்.

சஃபாரி என்றதும் எல்லோரும் மசாய் மாரா என்பார்கள். இரண்டு நாள்தான் கையில் என்றால் மாரா வேண்டாம். நைரோபியிலிருந்து போக ஐந்து, ஆறு மணி நேரம். வரவும் அதே நேரம். சனிக்கிழமை விடியலில் கிளம்பினாலும் சேரும்போது உச்சிவெயில். அந்த வேளையில் சிங்கம் புதருக்கடியில் தூங்கும். மறுநாள் மதியமே திரும்ப வேண்டும். மாராவுக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

அதற்குப் பதில் நகரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது நைரோபி தேசியப் பூங்கா. 1946-ல் தொடங்கியது; கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 117 சதுர கிலோமீட்டர். நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். நமக்குச் சங்ககிரி போகிற தூரம்கூட இல்லை. மூன்று பக்கம் வேலி. தெற்கே மட்டும் ஆற்றுக்கு அப்பால் புல்வெளி திறந்து கிடப்பதால் வரிக்குதிரைகள் அந்த வழியாக வந்து போகின்றன. சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு. கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க இது மிக நல்ல இடம். காட்டு யானை மட்டும் இங்கே கிடையாது.

காட்டுக்குள் ஓரிடத்தில் கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய 12 டன் யானைத் தந்தத்தை 1989-ல் அதிபர் டேனியல் அராப் மோய் அங்கேதான் தீயிட்டுக் கொளுத்தினார். 2016-ல் இதே பூங்காவில் 105 டன் எரிந்தது. விற்றிருந்தால் கோடிக்கணக்கில் பணம். தந்தத்துக்கு விலை இருக்கும்வரை யானைக்கு உயிர் இல்லை என்று உலகத்துக்குச் சொல்லத்தான் அந்த நெருப்பு. தந்தத்துக்காகச் சத்தியமங்கலம் காடு பட்ட பாட்டை அறிந்த நமக்கு அந்தச் சாம்பல் மேட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதுமலையில் நாம் பழகிய முறை வேறு. வனத்துறை வண்டியில் ஏறினால் ஒரு சுற்று காட்டி இறக்கி விடுவார்கள். நைரோபியில் சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ காலை ஆறு மணிக்கு நுழைந்து மாலைவரை சுற்றலாம். நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். குறித்த சில இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அங்கே வேலை அனுமதியோடு குடியிருப்பவருக்குக் கட்டணம் வெளிநாட்டுப் பயணியைவிடக் குறைவு. அதற்கான அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்து நம் ஆட்கள் மெல்லிய சட்டையோடு கிளம்பி விடுகிறார்கள். நைரோபி ஏற்காட்டைவிட உயரத்தில் இருக்கிற ஊர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலைக் குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். மார்ச் முதல் மே வரை பெருமழை. பூங்காவின் பல தடங்கள் கரிசல் மண். ஈரத்தில் சக்கரம் புதைந்தால் என்ன ஆகும் என்று போர் வண்டிக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அந்த மாதங்களில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் தூக்குப்போசியில் புளிச்சோறும் பெரிய பாட்டிலில் தண்ணீரும் இருந்தால் கவலை இல்லை. வண்டிக் கண்ணாடியை மட்டும் ஏற்றி வையுங்கள். பபூன் குரங்குகள் பறித்துக்கொண்டு ஓடிவிடும்.

இனி, எப்படிப் பார்ப்பது? எங்காவது சிங்கம் தென்பட்டால் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எல்லா வண்டியும் அங்கே பறக்கும். நீங்கள் பறக்காதீர்கள். ஓரிடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள். நாலைந்து ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையை வெறித்துப் பார்த்தால், அந்தப் பக்கம் சிங்கம் இருக்கக்கூடும். இம்பாலா மான்கள் சீறினால் காரணம் இருக்கும். நம் காட்டில் மரங்கள் மறைக்கும். அங்கே புல்வெளி, கண் எட்டும்வரை தெரியும். பொறுமையோடு இருப்பவருக்கு ஒரு முழு வேட்டையே கண்முன் நடக்கலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுற்றுவதை முடித்தால், பூங்காவின் ஓரத்தில் உள்ள ஷெல்டிரிக் அறக்கட்டளையில் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை தாயில்லா யானைக்குட்டிகளுக்குப் பால் கொடுப்பதைப் பார்க்கலாம். முன்பதிவு வேண்டும். முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதையைப் படத்தில் பார்த்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

அன்று மதியமே நகுருவுக்குக் கிளம்புங்கள். சுமார் 160 கிலோமீட்டர். வழியில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பதே தனி அனுபவம். இரவு நகுரு ஊரில் தங்கி, ஞாயிறு விடியலில் நகுரு ஏரி தேசியப் பூங்காவுக்குள் போய்விடுங்கள். வெள்ளைக் காண்டாமிருகம் கூட்டமாக மேயும். ஒரு விஷயம்: பழைய படங்களில் கரையெங்கும் இளஞ்சிவப்பாக நிற்கும் பூநாரைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பத்தாண்டுக்கும் மேலாக ஏரி நீர் உயர்ந்து பழைய வாசலையே மூழ்கடித்துவிட்டது; பறவைகளில் பெரும்பகுதி போகோரியா ஏரிக்குப் போய்விட்டன. மதியம் ஒரு மணிக்கெல்லாம் நைரோபிக்குக் கிளம்பிவிட வேண்டும். லாரிகள் நிறைந்த அந்த நெடுஞ்சாலையில் இருட்டில் ஓட்டுவது ஆபத்து.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இருப்பவர்களுக்கு மிக்குமி பூங்கா ஏற்றது. நெடுஞ்சாலையே அதை ஊடுருவிப் போகிறது. 2024 முதல் மொரோகோரோ வரை புதிய ரயிலும் ஓடுகிறது. கருநீலம், கறுப்பு உடை வேண்டாம். அந்த நிறங்கள் செட்சி ஈயை இழுக்கும்.

இங்கிருந்து கென்யா போகும் பெற்றோருக்கு ஒரு சொல். புறப்படப் பத்து நாளுக்கு முன்பாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, ரிக் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழையால் வண்டி நிற்கிற நாட்கள் எப்படியும் வருகின்றன. மழை சற்று ஓய்ந்ததும், வேலை தொடங்குவதற்கு முன், ஒரு சனி, ஞாயிறை உங்கள் பையன்களுக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். நுழைவுச்சீட்டையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.