வந்த பணம் எங்கே போச்சு?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் கடன் வாங்குறதைப் பத்திப் பேசப் போறதில்லை. உங்க கணக்குக்கு வந்த உதவித்தொகை, நீங்க தொடாமலே குறைஞ்சு போறதைப் பத்திப் பேசப் போறேன். முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மாதம் 1000 ரூபாய். நம்ம குழு அக்கா ஒருத்தருக்கும் பணம் வந்ததாக செல்போனில் செய்தி வந்தது. ரெண்டு நாள் கழித்து ஏடிஎம்முக்குப் போனால் இருப்பு 14 ரூபாய். அவங்க ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் மகன் கையில்தான் இருந்தது. "நீதான் எடுத்திருப்பே" என்று அவனைக் கேட்டுவிட்டார். அவன் இல்லை என்றான். இவர் நம்பவில்லை. ரெண்டு நாள் அந்தப் பையன் வீட்டில் சோறு சாப்பிடவில்லை.

மூணாம் நாள் என்னிடம் வந்தார். ரெண்டு பேரும் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு செலவு பதியச் சொன்னோம். அதில் 1000 வரவு இருந்தது. அதற்குக் கீழேயே குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று வரிவரியாகப் பற்று. பல மாத பாக்கியைச் சேர்த்து, பணம் வந்ததும் எடுத்திருக்கிறார்கள். மகன் ஒரு பைசா தொடவில்லை.

அந்த அக்கா வங்கியில் அழவில்லை. வெளியே வந்து, "இப்ப அந்தப் பையன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், அந்தக் கணக்கைத் தொடங்கும் முகாமில் விண்ணப்பத்தை நிரப்பியது நான். வேலைக்குச் சேர்ந்த புதிது. கணக்கு வகை என்ற இடத்தில் 'சேமிப்பு' என்று டிக் அடித்துவிட்டேன். எந்த வகைச் சேமிப்பு என்று வங்கியிலும் கேட்கவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. படிச்சவங்க எழுதினா சரியா இருக்கும்னு அவங்க கைநாட்டு வைக்காம கையெழுத்தே போட்டாங்க. நம்ம அறிவொளியில் கத்துக்கிட்ட கையெழுத்து.

அதனால்தான் இன்று சொல்கிறேன். உங்க கணக்கு என்ன வகை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கணக்கில் ரெண்டு வகை

ஒன்று, சாதாரண சேமிப்புக் கணக்கு. இதில் பல வங்கிகள் இவ்வளவு பணம் எப்போதும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கின்றன. குறைந்தால் கட்டணம். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

ரெண்டாவது, அடிப்படை சேமிப்புக் கணக்கு. வங்கியில் இதை பி.எஸ்.பி.டி. கணக்கு என்பார்கள். ரிசர்வ் வங்கி 2012 ஆகஸ்டில் எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இதில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது. பூஜ்யம் இருந்தாலும் கட்டணம் இல்லை. ஏடிஎம் கார்டு இலவசம். மாதம் நாலு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். ஏழைக்கு மட்டும் என்றில்லை, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கணக்கு வைத்திருப்பவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. புதிதாகத் தொடங்க வேண்டியதும் இல்லை. இருக்கிற கணக்கையே மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். கணக்கு எண்ணை மாத்த மாட்டீங்களேன்னு மட்டும் கேட்டுக்கோங்க. எண் மாறினால் உதவித்தொகை வருவதில் சிக்கல் வரலாம்.

சில வங்கிகள் சாதாரண கணக்குக்கும் இந்த அபராதத்தை நீக்கிவிட்டன. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் நீக்குவதாக அறிவித்தது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் நீக்கின. எல்லா வங்கியும் அப்படியில்லை. "பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிடிக்கல, எனக்கும் பிடிக்க மாட்டாங்க" என்று இருந்துவிடாதீர்கள்.

பணம் கசியும் மற்ற இடங்கள்

பணம் இல்லாத கணக்கில் ஏடிஎம் கார்டைப் போட்டு, போதிய இருப்பு இல்லை என்று வந்தால், அதற்கும் சில வங்கிகளில் கட்டணம் உண்டு. பணம் வந்துவிட்டதா என்று பார்க்க எடுக்கிற பட்டனை அழுத்தாதீர்கள். இருப்பு பார்க்கிற பட்டனை அழுத்துங்கள்.

இன்னொன்று பெரிய ஓட்டை. மைக்ரோ பைனான்ஸ் கடன், டிவி, செல்போன் தவணை என்று வாங்கும்போது, "கணக்கிலிருந்து நாங்களே எடுத்துக்கிறோம்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உதவித்தொகை வரும் தேதி ஒன்று, தவணை பிடிக்கும் தேதி வேறு. அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லை என்றால் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொரு கட்டணம் போடுவார். தவணை அப்படியே நிற்கும். அதனால் தவணைத் தேதியை உங்களுக்குப் பணம் வரும் தேதிக்குப் பின்னால் மாற்றிக் கேளுங்கள்.

எல்லாப் பற்றும் அபராதம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் போயிருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 20 ரூபாய் போயிருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. நீங்க சம்மதித்துச் சேர்ந்திருந்தால், அந்த நேரம் கணக்கில் 456 ரூபாய் விட்டு வையுங்கள். வீட்டில் வேண்டாதது ஏதாவது நடந்தால் அந்தக் காப்பீடு கைகொடுக்கும்.

அடுத்தது ஓவர் டிராஃப்ட். கணக்கில் இருப்பதை விட அதிகமாக எடுக்க விடுவது. ஜன்தன் கணக்கில் தகுதி இருந்தால் 10,000 ரூபாய் வரை தரலாம் என்று 2018-இல் உயர்த்தினார்கள். ஜன்தன் கணக்குள்ள குழு உறுப்பினர்களுக்கு 5000 ரூபாய் என்று 2019 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். அவசரத்துக்குக் கந்துவட்டியை விட இது நல்லதுதான். ஆனால் இது அரசு கொடுக்கும் இனாம் இல்லை. வட்டி உள்ள கடன். எடுத்துவிட்டால் அடுத்து வரும் உதவித்தொகை முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும். அடுத்த மாதம் கையில் காசு வராது என்று தெரிந்துதான் எடுக்க வேண்டும்.

பிடித்துவிட்டால் என்ன செய்வது?

2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி இது. குறைந்தபட்ச இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. ரெண்டு வருஷம் புழங்காமல் முடங்கிய கணக்குக்கு இந்த அபராதமே போடக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் உத்தரவு இருக்கிறது. முடங்கியதைத் திறக்கவும் காசு கேட்கக் கூடாது.

உரிமைத் தொகையை வங்கிகள் பிடித்ததாகப் புகார் வந்தபோது, 2023 செப்டம்பரில் அப்போதைய நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு, பழைய கடனுக்கோ சேவைக் கட்டணத்துக்கோ இந்தப் பணத்தை நேர்செய்யக் கூடாது என்று அறிவித்தார். முதல்வரின் உதவி மையம் 1100-இல் புகார் செய்யச் சொன்னார்.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள்:

"மேலாளர் அவர்களுக்கு, என் கணக்கு எண் இது. இதில் அரசு உதவித்தொகை வருகிறது. இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் கட்டணமாகப் பிடிக்கப்பட்டுள்ளது. அதைத் திரும்ப வரவு வைக்கவும், என் கணக்கை அதே எண்ணில் அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும் வேண்டுகிறேன்."

நகல் ஒன்று எடுத்து அதில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு கிடையாது. எப்படிப் புகார் கொடுப்பது என்று 14448-இல் கேட்கலாம். முத்திரை போட்ட அந்த நகல்தான் அங்கே உங்க சாட்சி.

அந்த அக்காவும் நானும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தோம், 1100-க்கும் பேசினோம். மூணு வாரத்தில் அந்த மாதப் பணம் திரும்ப வந்தது. கணக்கும் மாறியது. அதற்கு முந்தைய வருஷங்களில் பிடித்தது வரவில்லை. எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் இழப்பு குறையும். மகனிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இப்போது பாஸ்புக்கை மாதாமாதம் அவன்தான் பதிந்துகொண்டு வந்து, அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டுகிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பாஸ்புக்கைப் புதிதாகப் பதிந்து எடுத்து வாருங்கள். ஊக்குநர் ஒவ்வொருவரிடமும் மூணு கேள்வி கேட்க வேண்டும். உன் கணக்கு என்ன வகை? காரணம் தெரியாத பற்று ஏதாவது இருக்கா? யாருக்காவது தானா எடுத்துக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கியா? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் தனியாகப் போக வேண்டாம். நாலு பேராக வங்கிக்குப் போங்கள். ஒருத்தரைத் திருப்பி அனுப்புற மாதிரி நாலு பேரை அனுப்ப முடியாது. நானும் கூட வருகிறேன்.

வீட்டில் யாரையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் பாஸ்புக்கைப் பாருங்கள்.