வெண்பூ வேளை: வெயிற் பாத்திக்கு உகந்த கீரை



மாரி மழை ஓய்ந்து கிணற்று நீர் கீழிறங்கும் மாதங்களில், வீட்டுக் கறிக்கு ஒரு பிடி கீரை கிடைப்பதும் அரிதாகின்றது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்குமே நீர் போதாதபோது கீரைக்கு எங்கே இறைப்பது என நீங்கள் கேட்பது நியாயமே. அத்தகைய காலத்தில், வெயில் நன்கு விழும் வரண்ட தோட்டத்திற் சிறிதளவு நீருடன் விளையக்கூடிய வெண்பூ வேளையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நல்வேளை, தைவேளை என்பனவும் இதன் பெயர்களே.

இது ஓராண்டிற்குள் வளர்ந்து, பூத்து, விதை தந்து மடியும் செடி. ஏறக்குறைய மூன்றடி உயரம் வளரும். ஒரு காம்பிற் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் கைவிரல்கள்போல விரிந்திருக்கும். பூ வெண்மையானது, அதன் நடுவே நீண்ட ஊதா நிறக் கேசரங்கள் நீட்டி நிற்கும். மஞ்சட் பூப் பூப்பது நாய்வேளை. அது வேறு செடி. வேலியோரத்தில் வேளையைக் கண்டவர் பலராயினும், விதைத்து வளர்ப்போர் மிகச் சிலரே.

இக்கீரை நமக்குப் புதியதன்று. எருத்தூள் படிந்த தெருவிலே தழைத்த வேளையின் வெண்பூவைத் தயிருடன் சேர்த்து ஆயர்மகள் சமைத்த உணவைப் புறநானூற்றின் 215ஆம் பாட்டுக் கூறுகின்றது. இன்றும் கென்யா நாட்டார் இதனைப் பயிரிட்டுச் சந்தையில் விற்கின்றனர்; கைப்பு நீங்கப் பால் சேர்த்துச் சமைக்கின்றனர்.

இனி, பலரும் ஏமாறும் இடத்தைக் கூறுகின்றேன். நானும் அவ்வாறு ஏமாந்தவனே. ஒருமுறை முற்றிய காய்களைப் பறித்து, அடுத்த வாரமே அவ்விதையைப் பாத்தியிலிட்டேன். இரண்டு கிழமை நீர் ஊற்றியும் நான்கைந்து முளைகளே கண்டேன்; விதை பழுதெனக் கருதிப் பாத்தியைக் கொத்திவிட்டேன். விதை பழுதன்று, அது உறக்கத்தில் இருந்தது. புதிய வேளை விதை எளிதில் முளையாது. அதனை உலர்த்தி, குறைந்தது மூன்று மாதமேனும், இயலுமாயின் ஆறு மாதமேனும் வைத்திருந்தே விதைத்தல் வேண்டும்.

மர நிழல் படாததும் நீர் தேங்காததுமான இடத்தைத் தெரிந்து, நன்கு மக்கிய மாட்டெருவை இட்டுக் கொத்துக. ஓரடி இடைவெளியில் வரிசைகள் கீறி, விதையுடன் உலர்ந்த மணலைக் கலந்து தூவி, 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மண்ணால் மூடுக. ஆழமாகப் புதைத்தால் முளை மேலெழாது. வெம்மையான நாட்களிலேயே இது நன்கு முளைக்கும். மூன்று கிழமையின் பின், செடிக்குச் செடி அரையடி இருக்குமாறு களைந்துவிடுக. களைந்த நாற்றுகளையும் கறியாக்கலாம்.

வரட்சியைத் தாங்கும் என்பதற்காக அடியோடு நீரின்றி விடலாகாது. நீர் மிகக் குறைந்தால் செடி விரைந்து பூத்து, இலை சிறுத்துவிடும். அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுக. பக்கக் கிளைகள் வெடிக்கும். விதைத்து ஐந்து, ஆறு கிழமையில் இலை பறிக்கலாம். பூமொட்டுகளை அவ்வப்போது கிள்ளிவந்தால் மேலும் பல நாட்கள் இலை கிடைக்கும். இலையின் அடியில் அசுகுணி சேர்கின்றதா எனவும் பார்த்துக்கொள்க.

விதைக்காக நாலைந்து நல்ல செடிகளைக் கிள்ளாது விடுக. காய் மஞ்சளாகும்போதே பறித்துச் சீலைமேல் உலர்த்துக. காத்திருந்தால் காய் வெடித்து விதை சிதறி, வெங்காயப் பாத்தியிற் களையாய் முளைக்கும். உலர்ந்த விதையைப் போத்தலில் இட்டு, பறித்த மாதத்தை எழுதி வையுங்கள். களைநாசினி தெளித்த நிலத்தில் முளைத்த வேளையை மட்டும் ஒருபோதும் உண்ணாதீர்கள்.

அடுத்த முறை வேலியோரத்தில் வெண்பூ வேளையைக் காணும்போது உடனே பிடுங்கி எறியாது, ஒரு பிடி விதை எடுத்து வையுங்கள். பொறுத்திருந்து விதைப்பவரின் சட்டிக்கு, கிணறு வற்றும் மாதத்திலும் கீரை உண்டு.