வில்லுக்கும் பில்லுக்கும் ஒரே தாய்

கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து வடக்கே போகும் தண்டவாளம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் நுழைகிறது. இங்கே ‘வில்’, கூடூரில் ‘வில்லு’. பெங்களூருப் பக்கம் ‘பில்லு’. யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்?

கடனே இல்லை, தாய்வழிச் சொத்து என்கிறது மொழியியல். ஆதாரம் அந்த ‘ப’வில் இருக்கிறது. ‘பாட்டில்’ என்னும்போது அதிர்ந்து வரும் ஒலி அது. தமிழின் வேர் கன்னடத்தில் பேரு, விரல் பெரளு, விடு பிடு. ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். வரிசையாக இப்படியே மாறுவதால்தான் அறிஞர்கள் துணிந்து பின்னோக்கி நடக்கிறார்கள். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி என்ற திராவிட மொழியிலும் வில்லுக்குப் பெயர் ‘பில்லா’! இவ்வளவு தொலைவில் பிரிந்த கிளைகளிலும் இருப்பதால், இவற்றின் தாயான மூலத் திராவிடத்திலேயே ‘வில்’ இருந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். எழுத்தில் கிடைக்காத, மீட்டெடுத்த வடிவம் என்பதைக் காட்ட முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம்.

இந்தத் தேடலுக்குச் சென்னையில்தான் பிள்ளையார் சுழி. சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1816-ல் வெளியான கேம்ப்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய குறிப்பில், தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை அருகருகே வைத்து அவை ஒரே குடும்பம் என்று நிறுவினார். பின்னர் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-ல் வந்தது. வில்லின் உறவுகளை அதில் ஒரே பதிவில் பார்க்கலாம்.

இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்திலும் இதே முறைதான். சமஸ்கிருத ‘அசி’யும் லத்தீன் ‘என்சிஸ்’ஸும் வாள், இரண்டுக்கும் ஒரே மூலம். ஆனால் அந்த மூலமொழிக் காலத்தில் நீண்ட வாள் புழக்கத்தில் இருந்ததா என்பது சந்தேகம். முதலில் அது கத்தியைக் குறித்திருக்கலாம். சொல் நிலைத்தாலும் பொருள் நகரும்.

‘வில்’ என்ற சொல் அப்படித் தடுமாறவில்லை. வில்லோ, மரத்தால் ஆனதால் மண்ணில் மக்கிப்போகிறது. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த ஆயுதங்களிலும் இரும்பாலானவைதான் மிஞ்சின. வில்லின் பழமைக்குச் சொல்லே பெரிய சாட்சி.

நீலகிரித் தோடர்களிடம் வில் சடங்காகவே வாழ்ந்தது. கருவுற்ற மனைவிக்குக் கணவன் சின்ன வில்லும் அம்பும் கொடுப்பான். கொடுத்தவனே பிறக்கும் குழந்தையின் தந்தையாகக் கருதப்பட்டான். 1906-ல் வெளியான ‘தோடர்கள்’ என்ற நூலில் ரிவர்ஸ் இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்.