ஆள் ஒரு செட்டு, வேலை இரண்டு

கால அட்டவணை பற்றிய கருத்தரங்கில் தலைவரே நேரம் தவறினால் நகைப்புக்கு இடமாகும். ஆகவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

1957இல் டுபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்டின் ஜேம்ஸ் கெல்லியும் 'கிரிட்டிக்கல் பாத்' என்னும் நெருக்கடிப் பாதை முறையை வகுத்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறை வந்தது. எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்பதே இரண்டுக்கும் அடிப்படைக் கேள்வி. தொடங்க ஆள் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

ஒரு பள்ளிக் கட்டுமானத்தைப் பாருங்கள். அஸ்திவாரம் 10 நாள். அதன்பின் வகுப்பறைத் தளத்துக்குக் கம்பி கட்ட 6 நாள், கான்கிரீட் போட்டு நீராற்ற 14 நாள். பக்கத்தில் சமையற்கூடம்: கம்பிக்கு 4 நாள், கான்கிரீட்டுக்கும் நீராற்றலுக்கும் 10 நாள். தாளில் வகுப்பறைப் பாதை 30 நாள், சமையற்கூடப் பாதை 24 நாள். சமையற்கூடத்துக்கு 6 நாள் ஃப்ளோட், அதாவது தாமதிக்க இடம், கையில் இருக்கிறது என்று அட்டவணை சொல்லும்.

தளத்திலோ கம்பி கட்டுவோர் ஒரே செட்டுதான். முதலில் வகுப்பறை, பிறகு சமையற்கூடம் என்றால் 30ஆம் நாள் இரண்டும் முடியும். வரிசையை மாற்றினால் 34 நாள். சரியான வரிசையிலும் அந்த 6 நாள் ஃப்ளோட் காணாமல் போய்விட்டது. "சமையற்கூடத்துக்குத்தான் நாள் இருக்கிறதே" என்று, வகுப்பறைக் கம்பி முடிந்ததும் அந்தச் செட்டை இரண்டு நாள் வேறு தளத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஒப்படைக்கும் தேதி 32ஆம் நாளுக்குப் போகும். அட்டவணையில் தமக்குள் ஒரு கோடும் இல்லாத இரண்டு வேலைகளைப் பிணைத்தது அந்த ஒரு செட்டு ஆட்கள்தான்.

இந்தப் பிணைப்பையும் சேர்த்துப் பார்க்கும் தொடரை 1964இல் ஜெரோம் வீஸ்ட் 'கிரிட்டிக்கல் சீக்வென்ஸ்' என்றார். 1997இல் கோல்ட்ராட் 'கிரிட்டிக்கல் செயின்' என்ற நாவலில் இதே சிக்கலை மேலாளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தார். இடையில், 1983இல், பிளாசெவிச், லென்ஸ்ட்ரா, ரின்னோய் கான் மூவரும் இந்தச் சிக்கல் 'என்.பி. கடினம்' என்ற வகையைச் சேர்ந்தது என நிறுவினர். அதாவது, எல்லாத் திட்டத்துக்கும் மிகச் சிறந்த வரிசையை விரைவாகக் கண்டுதரும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. அதனால்தான் ஃப்ளோட் குறைந்த வேலைக்கு முதலில் ஆள் கொடு என்பது போன்ற நடைமுறை விதிகளை நம்பியிருக்கிறோம். நம் பள்ளிக் கணக்கில் அந்த விதி பலித்தது. எப்போதும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் யார் நெருக்கடிப் பாதையைத் திரையில் காட்டினாலும், எத்தனை ஆள், எத்தனை கிரேன், எத்தனை செட் சென்ட்ரிங் பலகை என்பதையும் அதே திரையில் காட்டுங்கள். அது இல்லாத பாதை நடக்க உதவாது. எத்தனை ஆள் என்ற அந்தக் கேள்வியை ஒவ்வொரு கட்டுரையிடமும் கேட்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.