உடைந்த லாரியும் ஒரு கேள்வியும்

(போகிக்கு முன் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போகிக்குப் பழைய பொருட்களைச் சேகரிப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் ஒரு பொம்மையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் போகிக்கு நாலு நாள் முன்னால் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தேன். ஒரு சிவப்பு லாரி கிடைத்தது. மடக்கினால் லாரி, விரித்தால் இரண்டு காலில் நிற்கும் ரோபோ. ஒரு கை இல்லை, ஒரு சக்கரமும் இல்லை. குப்பை எடுக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். சாயந்திரம் பள்ளி விட்டு வந்த பேரன் தேடினான். “அது உடைஞ்சுபோச்சுடா கண்ணா” என்றேன். “உடையலை தாத்தா, அதுக்கு அடிபட்டிருக்கு” என்றான். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

வங்கியில் வேலை பார்த்தவன் நான். வசூலே ஆகாத கடனைத் தள்ளுபடி செய்யக்கூட மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். பேரனின் பொம்மையைத் தள்ளுபடி செய்ய நான் யாரையும் கேட்கவில்லை.

அந்த லாரிக்கு ஆப்டிமஸ் பிரைம் என்று பெயர். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கதைகளில் நல்லவர்கள் பக்கத்துத் தளபதி. பேரனோடு சமாதானம் ஆக வேண்டுமே என்று அவன் பார்க்கும் படங்களைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நான் செய்த அதே தவறை 1986இல் ஒரு பெரிய கம்பெனி பெரிய அளவில் செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்தப் பொம்மை பிறந்த இடம் ஜப்பான். டகாரா என்ற நிறுவனம் ‘டயாக்ளோன்’ என்ற வரிசையில் 1980களின் தொடக்கத்தில் இதைச் செய்தது. அங்கே அது வெறும் இயந்திரம்தான். விரல் நுனி அளவு சின்ன மனிதப் பொம்மைகள் உள்ளே உட்கார்ந்து அதை ஓட்டும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இவற்றை வாங்கி 1984இல் தன் நாட்டில் விற்க முனைந்தது. ஹாஸ்ப்ரோவை அதற்கு இணங்கவைத்தவர்களில் ஹென்றி ஓரன்ஸ்டீன் முக்கியமானவர். போலந்தில் பிறந்த யூதர், நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர் பிழைத்து வந்தவர்.

விற்பதற்குக் கதை வேண்டும். மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டுநரை எடுத்துவிட்டார்கள். லாரியே உயிருள்ள ஆள் என்றார்கள். ‘ஆப்டிமஸ் பிரைம்’ என்ற பெயரை டென்னி ஓ’நீல் என்ற எழுத்தாளர் வைத்தார். மற்ற பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. பொம்மையின் அட்டைப் பெட்டியிலேயே அதன் பலம், அறிவு, வேகம், தைரியம் எல்லாவற்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் அச்சிட்டிருந்தார்கள். நம் பிள்ளைகளின் ரேங்க் கார்டு மாதிரிதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. எதிரிகளின் தலைவன் மெகாட்ரான் உருமாறினால் கைத்துப்பாக்கி ஆவான். அப்போது அவனை இன்னொருவன் கையில் பிடித்துச் சுட வேண்டும். நம் தளபதி உருமாறினால் பாரம் இழுக்கும் லாரி. சண்டை இல்லாத நேரத்திலும் உபயோகமானவன்.

குரலுக்கும் ஒரு கதை இருக்கிறது. கார்ட்டூனில் இந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் கனடாவைச் சேர்ந்த பீட்டர் கல்லன். அவருடைய அண்ணன் வியட்நாம் போரில் இருந்து திரும்பிய மரைன் படை அதிகாரி. குரல் தேர்வுக்குப் போகும் நாளில், உண்மையான வீரன் கத்திக்கொண்டு திரிய மாட்டான், மென்மையாக இருக்கும் அளவுக்கு உனக்குப் பலம் இருக்கட்டும் என்ற பொருளில் அண்ணன் சொல்லி அனுப்பினாராம். போரில் இருந்து வந்த பிறகு அண்ணன் பேசிய அந்த அமைதியான குரலையே தம்பி லாரிக்குக் கொடுத்தார். பல பேட்டிகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

இனி 1986க்கு வருவோம். அந்த ஆகஸ்டில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் முழுநீளப் படமாக அமெரிக்கத் திரையரங்குகளில் வந்தது. கம்பெனியின் கணக்கு எளிமையானது. 1984ஆம் வருடப் பொம்மைகள் பழைய சரக்கு. புதிய பொம்மைகள் விற்க வேண்டும். ஆகவே பழைய பாத்திரங்கள் படத்தில் வரிசையாகச் சாகின்றன. படம் பாதிகூட ஆகாத நிலையில் ஆப்டிமஸ் பிரைமும் படுத்த படுக்கையில் சாகிறான். சிவப்பும் நீலமுமாக இருந்த உடம்பு அப்படியே சாம்பல் நிறமாகிறது. திரையரங்கில் சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். கம்பெனிக்குக் கடிதங்கள் போயின.

படம் எடுத்தவர்கள் திகைத்துப்போனார்கள். இந்தப் பாத்திரம் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டியதாக இருக்கும் என்று தெரியாது என்று பின்னால் ஒப்புக்கொண்டார்கள். பிரைமுக்குப் பதிலாக ராடிமஸ் பிரைம் என்று ஒரு புதுத் தலைவனைக் கொண்டுவந்தார்கள். நானும் பேரனுக்குப் புதிய லாரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டான்.

தப்பு எங்கே? ஓட்டுநரை எடுத்துவிட்டு, “இதற்கு உயிர் இருக்கிறது” என்று சொல்லி விற்றவர்கள் அவர்களே. பிள்ளைகள் அதை நம்பினார்கள். விற்றவர்கள்தான் மறந்துபோய், சரக்கு என்று கணக்கு எழுதிவிட்டார்கள். “உடையலை, அடிபட்டிருக்கு” என்று என் பேரன் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் அந்தக் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. கடிதங்களைப் படித்தது. 1987இன் தொடக்கத்தில் ஆப்டிமஸ் பிரைமைக் கார்ட்டூன் தொடரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே கம்பெனியின் ‘ஜி.ஐ. ஜோ’ படத்தில் ட்யூக் என்ற தளபதி சாவதாக இருந்ததை, மயக்கத்தில் இருக்கிறான் என்று வசனத்தை மாற்றினார்கள். 2007இல் பெரிய படமாக டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்தபோதும் ஆப்டிமஸ் பிரைமுக்கு அதே பீட்டர் கல்லன்தான் குரல் கொடுத்தார்.

காமிக்ஸ் புத்தகத்தில் அவன் சாவது வேறு விதம். மெகாட்ரானோடு கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் பந்தயம். தோற்றவன் அழிய வேண்டும். பிரைம் ஜெயிக்கிறான். ஆனால் ஜெயிப்பதற்காக விளையாட்டுக்குள் இருந்த அப்பாவிகளைப் பலி கொடுத்துவிட்டான். அவர்கள் கற்பனை ஆட்கள்தானே என்று மற்றவர்கள் சொல்லலாம். அவன் ஒப்பவில்லை. இது தோல்விதான் என்று சொல்லித் தன்னை அழிக்கச் சொல்கிறான். இது கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும், யாரும் பார்க்காத இடத்திலும் கணக்கு நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஆளை எனக்குப் பிடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போகிக்கு முன் கீழ்த்தளத்தில் பொம்மைப் பெட்டி வைக்கப்போகிறோம். நல்ல பொம்மைகள் அங்கன்வாடிக்குப் போகும். நல்ல காரியம். என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அள்ளிப் போடாதீர்கள். கேளுங்கள். எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களே பிரிக்கட்டும். கொடுப்பதை அவர்களே தம் கையால் பெட்டியில் போடட்டும். சிலது கிடைக்காது. பரவாயில்லை, பரணில் ஒரு லாரிக்கு இடம் இருக்கும்.

அடிபட்ட பொம்மைகளை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். திருப்புளியும் ஃபெவிக்விக்கும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும் என்று சொல்லவில்லை. முயற்சி செய்யலாம். பேரனும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.