பழைய லொறியும் புதிய பிறேக்கும்



அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட செவ்ரொலே, போட் சிறு லொறிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் பலர் உளர். அவ்வண்டிகள் பலவற்றில் சாரதியின் காலே பிறேக்கின் முழுப் பலம். அக்காலுக்குத் துணையாக, வெற்றிடத்தால் இயங்கும் ஊக்கியொன்றைப் பொருத்த விரும்புவோர், முதலில் மிதிகட்டையின் கணக்கை அறிதல் வேண்டும்.

மிதிகட்டை ஒரு நெம்பு. மேலே அச்சாணி, கீழே பாதம் படும் இடம், இடையே, பிறேக் எண்ணெய் நிறைந்த உருளையைத் தள்ளும் கோல். அச்சாணியிலிருந்து பாதம் 12 அங்குலத்திலும் கோல் 2 அங்குலத்திலும் இருப்பின், 50 இறாத்தல் மிதிப்பு 300 இறாத்தலாகப் பெருகும். ஆனால், கால் 6 அங்குலம் சென்றால் கோல் 1 அங்குலமே செல்லும்.

ஊக்கியோ பெரிய தகரப் பேணி போன்றது. நடுவே இறப்பர்த் திரை. இயந்திரம் அதன் காற்றை உறிஞ்சிவிடும். மிதித்ததும் பின்புறத்தில் வெளிக்காற்று நுழைந்து திரையை முன்னே தள்ளும். 8 அங்குல விட்டமுள்ள திரையில், சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அமுக்கம் விழின், ஏறக்குறைய 500 இறாத்தல் உதவி கிடைக்கும்.

இத்துணை உதவி இருக்க, பழைய 6க்கு 1 என்ற விகிதம் மிகையாகும். மெல்லத் தொட்டாலும் பிறேக் வெடுக்கெனப் பிடிக்கும். ஆகவே, கோல் பூட்டும் துளையை அச்சாணியிலிருந்து 3 அங்குலத்துக்கு இறக்கி, விகிதத்தை 4க்கு 1 ஆக்குவர். துளை இறங்கினால் கோலின் சாய்வும் மாறும். ஊக்கியைத் தாங்கும் இரும்பையும் அதற்கேற்ப அமைக்காவிடில் கோல் கோணி உராயும். மிதியை விட்ட நிலையில், ஊக்கியின் முன்கோலுக்கும் உருளையின் முசலத்துக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியும் வேண்டும். அஃதின்றேல் எண்ணெய் திரும்பாது. பிறேக் விடுபடாமற் சூடேறும்.

இனி, இறக்கத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் என்னாகும்? எஞ்சிய வெற்றிடம் ஓரிரு மிதிப்புக்கே போதும். அதன்பின் சாரதிக்கு உள்ளது 4க்கு 1 என்ற நெம்பு மாத்திரமே. முன்பு 50 இறாத்தலால் ஆனதற்கு இப்போது 75 இறாத்தல் மிதித்தாக வேண்டும். மிதியின் தூரத்தைக் குறைக்கும் ஆசையில் துளையை மேலும் இறக்குவோர் இதனை மறத்தலாகாது.

எனவே, தெருவுக்குக் கொண்டுசெல்லுமுன், சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, வெற்றிடம் தீரும்வரை மிதித்துவிட்டு, பிறர் மெல்லத் தள்ள, வண்டி தம் காலுக்கு அடங்குகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். துணை நீங்கும் வேளைக்கும் கணக்கு வைத்திருப்பவரே நல்ல திருத்துநர்.